மங்கற் பூச்சும் அதனைப் பேணும் முறையும்

நாம் கல்லூரியிற் பயின்ற காலத்திலே யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய கார்களுட் பல மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய ஆங்கில நாட்டு வண்டிகளாம். அவற்றை வைத்திருந்த வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்பது வண்டி துடைக்கும் வேளையாகும். கிணற்று நீரால் வண்டியைக் கழுவி, பழைய வேட்டித் துண்டால் ஈரம் போக்கி, தகரப் பேணியிலிருந்த மெழுகைப் பூசி, பார்ப்பவர் முகம் அதிலே தெரியும் வரை தேய்த்து மினுக்குவோம். தேய்க்கத் தேய்க்க வண்டி ஒளி பெறும். அது ஒளி பெறப் பெற வீட்டுப் பெரியவரின் முகம் மலரும். பொருளொன்றைப் பேணுதல் என்றால் அதனைத் தேய்த்து மினுக்குதல் என்றே நாம் கற்றுக்கொண்டோம். அப்பழக்கம் அக்கால வண்டிகளுக்குப் பொருத்தமானதே. ஆயின், இன்று நம் வீதிகளிற் பெருகிவரும் ஒருவகை வண்டிகளுக்கு அதுவே கேடாக முடிகின்றது. அஃது எவ்வாறு என்பதையும், அவ்வண்டிகளை எங்ஙனம் பேணல் வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகை வண்டிகளின் பூச்சு ஒளிராதது. கற்பலகையின் முகம்போல அடங்கிய தோற்றமுடையது. இளைஞரும் விற்பனையாளரும் இதனை ‘மேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லாலேயே வழங்குவர். ஈண்டு இதனை மங்கற் பூச்சு என்றும், வழக்கமான ஒளிரும் பூச்சினை மினுக்கப் பூச்சு என்றும் குறிப்பிடுவோம். கார்களில் மங்கற் பூச்சு அருகியே காணப்படினும், மோட்டார்ச் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் அஃது இன்று மிகச் சாதாரணமாகிவிட்டது. ஆதலின் இது செல்வர் சிலருக்கு மாத்திரம் உரிய பேச்சன்று.

இவ்விடயத்தில் யான் கருத்துச் செலுத்தியமைக்குக் காரணம் யானே செய்த ஒரு தவறாகும். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் இளைய மகன் தன் முதல் உழைப்பிற் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு மோட்டார்ச் சைக்கிள் வாங்கினான். அதன் பெற்றோல் தாங்கி கருஞ்சாம்பல் நிறமுடையது; மங்கற் பூச்சுடையது. அவன் அலுவல் நிமித்தம் கொழும்புக்குச் சென்றிருந்த ஒரு வார இறுதியில், தூசி படிந்து நின்ற அவ்வண்டியைக் கண்டு மனம் பொறாது, தந்தையாரிடங் கற்ற முறையிலே அதனைத் துடைக்கலானேன். வீட்டிலிருந்த மினுக்கற் களிம்பைத் தாங்கியின் மேற்புறத்திற் பூசி அரைமணி நேரம் தேய்த்தேன். பின்னர் அதன் மேல் மெழுகும் பூசினேன். மகன் திரும்பி வந்து பார்த்தபொழுது தாங்கியின் நடுவிலே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தடவியதுபோன்ற ஒளித்திட்டு ஒன்று நின்றது. அவன் ஒன்றுஞ் சொல்லவில்லை. அத்திட்டில் ஒரு பகுதியைப் பின்னர் நீக்க முடிந்தது. மற்றைப் பகுதி இன்றும் உள்ளது. ஒரு பகுதி நீங்கியதும் மற்றைப் பகுதி நீங்காததும் ஏன் என்று ஆராய்ந்தபொழுதே இப்பூச்சின் இயல்பு எனக்குத் தெளிவாயிற்று.

ஒளியும் மங்கலும்

படுகோணம் தெறிகோணத்துக்குச் சமன் என்பதை நாமனைவரும் பௌதிகவியல் வகுப்பிற் கற்றோம். மேற்பரப்பு ஒப்பரவாயிருப்பின், ஒரு திசையிலிருந்து வந்து படுங் கதிர்கள் யாவும் ஒரே திசையிலே தெறிக்கும். அதனாலேயே ஆடியில் உருவந் தோன்றுகின்றது. மேற்பரப்பு கரடுமுரடாயிருப்பின், ஒவ்வொரு சிறு மேடும் பள்ளமும் தத்தம் சாய்வுக்கேற்பக் கதிர்களை வெவ்வேறு திசைகளிற் சிதறவிடும். உருவமும் இல்லை, பளபளப்பும் இல்லை. முன்னையது ஒழுங்கான தெறிப்பு. பின்னையது பரவிய தெறிப்பு. மினுக்கப் பூச்சுக்கும் மங்கற் பூச்சுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. இரண்டினதும் நிறப்பொருள் ஒன்றாகவே இருத்தல் கூடும். வேறுபடுவது மேற்பரப்பின் அமைப்பு மாத்திரமே.

இக்காலத்து வண்டிகளிற் பெரும்பாலும் நிறப்படலம் ஒன்றும், அதன்மேல் நிறமற்ற தெளிந்த காப்புப்படலம் ஒன்றுமாக இரண்டு படலங்கள் உள. காப்புப்படலத்தின் தடிப்பு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்கிரோன் வரையாகும்; ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் தடிப்பிலும் இது குறைந்ததெனலாம். மங்கற் பூச்சிலே இத்தெளிந்த படலத்தினுள் மிக நுண்ணிய சிலிக்காத் துணிக்கைகளைக் கலந்துவிடுகின்றனர். தெளித்த பூச்சிலுள்ள கரைப்பான் ஆவியாக, படலம் சுருங்குகின்றது, துணிக்கைகளோ சுருங்குவதில்லை. ஆகவே, அவை இருக்குமிடங்களில் மேற்பரப்பு மேடிட்டும் ஏனைய இடங்களிற் பள்ளமாகியும் நிற்கும். கண்ணுக்குப் புலனாகாத இந்த மேடுபள்ளமே மங்கலைத் தருவது.

ஒளிர்வின் அளவைக் கருவிகொண்டு அளப்பதும் உண்டு. மேற்பரப்பின்மீது 60 பாகைக் கோணத்தில் ஒளியைச் செலுத்தி, தெறித்து வருவதை நன்கு மினுக்கிய கருங்கண்ணாடி ஒன்றின் தெறிப்போடு ஒப்பிடுவர். அக்கண்ணாடியின் அளவு 100 எனக் கொள்ளப்படும். 70க்கு மேற்பட்டவை உயர் மினுக்கமெனவும், 10க்குக் குறைந்தவை மங்கலெனவும் பொதுவாகக் கருதப்படும். இடைப்பட்டவை பலவுள. எனவே மங்கல் என்பதும் ஒரே தரத்ததன்று. ஒரு வண்டியின் மங்கல் மற்றொரு வண்டியின் மங்கலோடு ஒவ்வாதிருத்தல் இயல்பே. பின்னர்ப் பழுதுபார்த்தலைப் பற்றிக் கூறுமிடத்து இதன் முக்கியத்துவம் புலப்படும்.

தேய்ப்பும் மெழுகும் செய்யுந் தீங்கு

அம்மியைப் பயன்படுத்துவோர் ஒன்றை அறிவர். புதிதாகக் கொத்திய அம்மி சொரசொரப்பாயிருக்கும். நாட்செல்லச் செல்லக் குழவி உராய்ந்து மேடுகள் தேய, அம்மி வழுவழுப்பாகும். அப்பொழுது கொத்துபவரை அழைத்து மீண்டும் கொத்துவிப்போம். மங்கற் பூச்சை மினுக்கற் களிம்பால் தேய்ப்பது குழவி அம்மியைத் தேய்ப்பதை ஒத்தது. களிம்பிலுள்ள உராய்பொடி மேடுகளின் தலைகளைச் சீவிவிடுகின்றது. சீவப்பட்ட இடம் ஒப்பரவாகி ஒளிர்கின்றது. அம்மியை மீளக் கொத்தலாம். பூச்சினை மீளக் கொத்த இயலாது. இது திருத்த முடியாத தீங்கு.

மெழுகு செய்யுந் தீங்கு வேறுவகையானது. ஆய்வுகூடத்திலே தேய்த்த கண்ணாடித் தட்டில் ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தவர்க்கு இது விளங்கும். துளி பட்ட இடத்திற் பள்ளங்களை நீர் நிரப்புகின்றது. மங்கலாயிருந்த கண்ணாடி அவ்விடத்தில் மாத்திரம் தெளிந்து காணப்படும். நீர் உலர்ந்ததும் பழையபடி மங்கும். மழையில் நனைந்த மங்கற் பூச்சு கறுத்து ஒளிர்வதும், காய்ந்தபின் தன்னிலை அடைவதும் இதனாலேயே. மெழுகும் எண்ணெயும் நீரைப்போலவே பள்ளங்களை நிரப்புவன. ஆனால் அவை தாமாக உலர்ந்து போவனவல்ல. அவற்றின்மேற் புழுதி ஒட்ட, திட்டுத்திட்டாக அழுக்குப் படியும்.

என் மகனுடைய வண்டிக்கு நேர்ந்தவை இவ்விரண்டுமே. மெழுகினால் உண்டான ஒளி, நீர் கலந்த ஐசோபுரோப்பைல் அற்ககோலை மென்துணியில் நனைத்து ஒற்றியெடுக்க நீங்கிற்று. களிம்பினால் மேடு தேய்ந்த இடம் நீங்காது நின்றது.

மினுக்கும் வழக்கம் எவ்வாறு வந்தது

அவ்வாறாயின் நம் முன்னோர் தேய்த்தது தவறோ எனின், அன்று. தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளுக்குத் தூரிகையால் வார்னிஷ் பூசினர். பூச்சு முற்றுப்பெற வாரக்கணக்கிற் செல்லும். போர்ட் நிறுவனத்தார் 1914 முதல் 1925 வரை தமது ‘ரி’ மாதிரி வண்டியைக் கறுப்பு நிறத்தில் மாத்திரமே விற்றமை யாவரும் அறிந்தது. 1923 ஆம் ஆண்டின் இறுதியில், 1924 ஆம் ஆண்டுக்குரிய ஓக்லண்ட் வண்டிகள் டூப்பொன் நிறுவனத்தின் ‘டியூக்கோ’ என்னும் நைத்திரோசெலுலோசுப் பூச்சுடன் நீலநிறத்தில் வெளிவந்தன. இப்பூச்சு தெளித்த சிறிது நேரத்திலேயே உலர்ந்துவிடும். ஆயின் தெளித்தவுடன் போதிய ஒளி இராது. தேய்த்து மினுக்கிய பின்னரே ஒளி வரும். மினுக்கும் தொழில் இவ்வாறு பூச்சோடு உடன்பிறந்ததாயிற்று.

அன்றியும், அக்காலத்தில் நிறப்படலத்தின்மேல் தனியான காப்புப்படலம் இல்லை. வெயிலும் காற்றும் பட, மேற்புறம் சிதைந்து வெண்மாப் பூத்ததுபோல் வெளிறும். மினுக்கும்பொழுது அச்சிதைந்த பகுதி நீங்கி, அடியிலுள்ள புதிய நிறம் வெளிப்படும். நாம் தேய்த்த துணியில் வண்டியின் நிறம் ஏறியிருந்ததை நினைவிற் கொள்வோர் பலர் இருப்பர். 1980களில் இரட்டைப் படல முறை பரவலாயிற்று. அதன் பின்னர்த் துணியில் நிறம் ஏறுவது அரிதாயிற்று.

மங்கற் பூச்சின் வரலாறு வேறு. அது முதலில் அழகுக்காக அன்றித் தேவைக்காகவே பயன்பட்டது. இராணுவ வண்டிகள் வெயிலில் மின்னித் தம்மைக் காட்டிக்கொடுத்தலாகாது என்பதற்காக ஒளிராத பூச்சைப் பெற்றன. விமான ஓட்டியின் கண்ணெதிரேயுள்ள மூக்குப்புறமும், பந்தயக் கார்கள் சிலவற்றின் முன்மூடியும் கண் கூசாதிருத்தற்பொருட்டு மங்கற் கறுப்புப் பூசப்பட்டன. அண்மைக் காலத்திலேதான் இஃது ஆடம்பரத்தின் அடையாளமாயிற்று. 2007 இல் லம்போகினி நிறுவனம் வெளியிட்ட ‘ரெவென்ரோன்’ என்னும் விலையுயர்ந்த கார் மங்கற் பசுஞ்சாம்பல் நிறமுடையதாய் வந்தது. பின்னர்ப் பெருநிறுவனங்கள் பலவும் இவ்வகைப் பூச்சுக்களைத் தத்தம் பட்டியலிற் சேர்த்தன. மோட்டார்ச் சைக்கிள் உற்பத்தியாளரும் அவ்வழி சென்றனர்.

கழுவும் முறை

மங்கற் பூச்சின்மேற் படியும் அழுக்கை உரைத்துப் போக்க இயலாதாதலின், உரையாமலே போக்குவதற்குப் பழகிக்கொள்ளல் வேண்டும். நமது குடாநாட்டின் மண்ணும் நீரும் இதற்கு இடையூறு விளைப்பன. வலிகாமத்துச் செம்மண் புழுதியில் வன்மையான மணற்றுணிக்கைகளும் கலந்துள. காய்ந்த துணியால் அப்புழுதியைத் துடைப்பது உரைகடதாசியால் உரைப்பதற்குச் சமம். ஆதலால் கைபடுமுன் நீரைப் பரவலாக ஊற்றிப் புழுதியை ஓடவிடல் வேண்டும்.

வண்டி நிழலில் நிற்றல் வேண்டும். தகடு குளிர்ந்திருத்தல் வேண்டும். வெயிலிற் சுட்ட தகட்டின்மேல் நீரும் ஷம்பூவும் கழுவி முடிக்குமுன் உலர்ந்து கறையாகும். அதிகாலையோ மாலையோ ஏற்ற வேளை. இரண்டு வாளிகள் வைத்துக்கொள்க: ஒன்றில் ஷம்பூக் கரைசல், மற்றதில் தனிநீர். மென்துணியைக் கரைசலில் நனைத்து மெதுவாக இழுத்தபின், தனிநீரில் அலசி மணலைப் போக்கி, அதன் பின்னரே மீண்டும் கரைசலில் இடுக. துணியை வட்டமாகச் சுழற்றாது நேராக இழுத்தல் நன்று. மேலிருந்து தொடங்கிக் கீழே முடிக்க வேண்டும். ஏனெனில், மண் மிகுதியும் கீழ்ப்பகுதியிலேயே உண்டு.

சவர்க்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நமது கிணறுகள் பல சுண்ணக்கல்லினூடு ஊறும் நீரைத் தருவன, அந்நீர் வன்னீராகும். கேத்தலின் அடியில் வெண்படிவு தோன்றுவது இதனால் என்பதை எல்லா வீட்டாரும் அறிவர். வன்னீரிலுள்ள கல்சியம், மகனீசியம் ஆகியவற்றோடு சாதாரண சவர்க்காரஞ் சேர, நீரிற் கரையாத வெண்ணிற வீழ்படிவு உண்டாகும் என்று இரசாயன வகுப்பிற் படித்தோமல்லவா? அவ்வீழ்படிவு மங்கற் பூச்சின் பள்ளங்களிற் சென்று அடையும். ஆகவே சலவைச் சவர்க்காரமும் பாத்திரந் துலக்குவனவும் ஆகா. அமிலமுங் காரமும் அற்ற நடுநிலையான வண்டி ஷம்பூவே வேண்டும். அதனுள்ளும் மெழுகு கலந்தது, ஒளியூட்டுவது என்று புட்டியில் எழுதப்பட்டிருப்பின் அதனைத் தவிர்க்க.

கழுவியபின் நீர்த்துளிகளைத் தாமே உலரவிடலாகாது. வன்னீர்த் துளி உலர்ந்தால் வெண்புள்ளி நிற்கும். மினுக்கப் பூச்சாயின் அப்புள்ளியைத் தேய்த்து நீக்கலாம். இங்கு அதற்கும் வழியில்லை. மாரிகாலத்திற் சேர்த்து வைத்த மழைநீர் மென்னீராதலின், இறுதியாக அதில் ஒரு முறை அலசுவது மிக நன்று. பின்னர் மெல்லிய, நீரை நன்கு உறிஞ்சும் துணியை மேலே பரப்பி ஒற்றியெடுக்க வேண்டும். இழுத்துத் துடைத்தல் வேண்டா. புதிதாய்த் தோன்றிய வெண்புள்ளியாயின், பல மடங்கு நீர் கலந்த வினாகிரியைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் வைத்து, உடனே நன்னீரால் அலசிவிட நீங்குதல் கூடும். எதனையும் முதலில் வெளியே தெரியாத ஓரிடத்திற் சோதித்துப் பார்த்தே செய்க.

சுழலுந் தூரிகைகளாற் கழுவும் பொறிகள் இப்பூச்சுக்குப் பகை. வேகநீர்க் குழாயைப் பயன்படுத்தலாம். ஆயினும் அதன் வாயைத் தகட்டுக்கு மிக அணித்தே பிடித்தலாகாது. சேவை நிலையத்தில் வண்டியை விடும்பொழுது, “கழுவினாற் போதும், பொலிஷ் வேண்டா” என்று வாயாற் சொல்லியும் எழுதிக் கொடுத்தும் விடல் நலம். அங்குள்ள இளைஞர் நன்மை செய்வதாக எண்ணியே, யான் செய்ததைச் செய்துவிடுவர்.

நாளாந்தம் நேருங் கேடுகள்

பறவை எச்சம் எல்லாப் பூச்சுக்கும் தீது. மங்கற் பூச்சுக்கு மிகத் தீது. எச்சத்தில் அமிலத் தன்மையுண்டு. அதனொடு, பகல் வெயிலில் மேற்படலம் சூடேறி விரிந்து இளகுகின்றது. மாலையிற் குளிர்ந்து சுருங்கும்பொழுது, காய்ந்த எச்சத்தின் வடிவம் அதிற் பதிந்துவிடுகின்றது. மாமர நிழலும் வேப்பமர நிழலும் நமக்கு இனியவையே. ஆனால் வண்டிக்கு மேலே காகமும் வௌவாலும் மரப்பாலும் உண்டென்பதை மறத்தலாகாது. எச்சம் பட்டால் அன்றே நீக்குக. காய்ந்துவிட்டதாயின் சுரண்டாது, நனைத்த துணியை அதன்மேல் ஐந்து பத்து நிமிடம் இட்டு ஊறவைத்து, பின்னர் எடுத்துவிடுக. இரவுப் பயணத்தில் ஒட்டிய பூச்சிகளுக்கும் இதுவே முறை.

மோட்டார்ச் சைக்கிளில் மிகுதியுங் கேடுறுவது பெற்றோல் தாங்கியே. பெற்றோல் நிரப்பும்பொழுது வாயோரத்திற் சிந்துவது வழக்கம். சிந்தியதைத் தேய்த்துப் பரப்பாமல் உடனே ஒற்றியெடுத்து நீர் ஊற்றுக. முன்கூட்டியே வாயைச் சுற்றி ஒரு துணியை வைத்துக்கொள்வது அதனிலும் மேல். அடுத்தது முழங்கால். ஓட்டுபவரின் காற்சட்டை நாடோறும் தாங்கியின் இரு பக்கங்களிலும் உராய, சில மாதங்களில் அவ்விடங்கள் தாமே மினுங்கத் தொடங்கும். இடுப்புவாரின் கொளுக்கி, சட்டைப்பையிலுள்ள திறப்புக் கோவை, தாங்கியின்மேல் வைக்குந் தலைக்கவசம், கடையிலிருந்து கொண்டுவரும் பை ஆகிய யாவும் மெல்ல மெல்ல உரைகற்களாகின்றன. முழங்கால் படும் இடங்களில் இறப்பர் ஒட்டுப்பட்டிகளை வண்டி வாங்கிய நாளிலேயே ஒட்டிவிடல் சாலச் சிறந்தது.

மூடுதுணியும் சில வேளை கேடாகும். புழுதி படிந்த வண்டியைத் துணியால் மூடினால், காற்றில் அத்துணி அலைந்து அலைந்து உராயும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கொட்டிலின் நிழலே தலையாய காப்பு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுப் படிவை வாரம் ஒருமுறையேனும் நன்னீரால் அலசிவிடுதல் வேண்டும்.

தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், பற்பசை என்று வீட்டுக் கைம்மருந்துகள் சில உள. எண்ணெய் தடவின் கருமை கூடி அழகாய்த் தோன்றும். ஆனால் அது முற்கூறிய பள்ளநிரப்பே. பற்பசையில் உராய்பொடி உண்டு. இவை அனைத்தும் விலக்கத்தக்கன.

பூசையும் வண்டியும்

புதிய வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுசென்று பூசை செய்வித்தல் நமது மரபு. ஆயுத பூசைக் காலத்திலும் வண்டிகளுக்குச் சந்தனமுங் குங்குமமும் இடுவோம். மரபை விடவேண்டுமென்று யான் கூறவரவில்லை. இடும் இடத்தை மாற்றலாம் என்றே கூறுகின்றேன். குங்குமத்தின் நிறமும், எண்ணெய் கலந்த பூச்சுக்களும் மங்கற் பூச்சின் பள்ளங்களிற் புகுந்தால் வெளிவருதல் அரிது. சந்தனம் உலர்ந்தபின் அதனைச் சுரண்டினால் இடம் வெளிறும் அல்லது மினுங்கும். ஆதலின், பொட்டினைக் கண்ணாடியிலோ, முன்விளக்கின் மேலோ, இலக்கத் தகட்டிலோ இடலாம். எலுமிச்சஞ் சாறும் இளநீரும் தெறித்த இடங்களை வீடு வந்ததும் நீரால் அலசிவிடுக. முன்னையது அமிலம், பின்னையது உலர்ந்தாற் பிசுபிசுக்கும். பூசை செய்யும் ஐயரிடம் முன்னதாகப் பணிவுடன் கூறினால் அவரும் அதற்கிணங்கச் செய்வர்.

காப்புப் படலங்களும் பழுதுபார்த்தலும்

மங்கற் பூச்சுக்கெனவே செய்யப்பட்ட காப்புத் திரவங்கள் இப்பொழுது கிடைக்கின்றன. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட இவை, பள்ளத்தை நிரப்பாது மேடுபள்ளத்தின் வடிவை ஒட்டியே மிக மெல்லிய படலமாகப் படிவன. நீரும் எண்ணெயும் எளிதில் ஒட்டாதவாறு தடுப்பதே இவற்றின் பயன். ஆயினும், ஏற்கெனவே உள்ள கீறலையும் திட்டையும் இவை மறைக்கமாட்டா. புதிய வண்டிக்கு இடுவதே பொருத்தம்.

இன்னும் வலிய காப்பு, பொலியுரத்தேன் என்னும் பல்பகுதியத்தாலான தெளிந்த படலத்தை ஒட்டுவதாகும். இதன் தடிப்பு பொதுவாக 150 முதல் 200 மைக்கிரோன் வரை, அஃதாவது காப்புப்படலத்தின் தடிப்பைப் போல மும்மடங்குக்கு மேல். மங்கலான முகமுடைய படலங்களும் உண்டு. கல் தெறித்தல், உராய்வு ஆகியவற்றைப் படலம் தான் ஏற்று, அடியிலுள்ள பூச்சைக் காக்கும்; பழுதுற்றால் அதனை உரித்துவிட்டு வேறொன்று ஒட்டலாம். செலவு மிகுதியாதலின் காருக்கு முழுவதும் ஒட்டுவோர் சிலரே. மோட்டார்ச் சைக்கிளின் தாங்கிக்கு மாத்திரம் ஒட்டுவது பலருக்கும் இயலும். நிறத்தை மாற்றும் மங்கல் வினைல் ஒட்டிய வண்டிகளும் உள. அவற்றுக்கும் மேற்கூறிய கழுவும் முறையே பொருந்தும்.

கேடுற்றபின் செய்யக்கூடியது யாது? முன்னர்க் கூறியதுபோல, கேடு பள்ளம் நிரம்பியதாயின் நீக்கலாம். மேடு தேய்ந்ததாயின் நீக்கலாகாது. தேய்ந்த இடத்துக்கு மாத்திரம் புதிய பூச்சுத் தெளித்தால், பழையதும் புதியதும் சந்திக்கும் விளிம்பை மறைக்க இயலாது. மினுக்கப் பூச்சில் அவ்விளிம்பைத் தேய்த்தே மறைப்பர். இங்குத் தேய்த்தல் கூடாதன்றோ? ஆதலால், ஒரு கதவில் ஒரு கீறல் விழினும் அக்கதவு முழுவதற்கும் பூச வேண்டும். அப்பொழுதும் ஒளிர்வின் அளவு ஒத்துவருதல் எளிதன்று. மங்கற் பொருளை நன்கு கலக்கினமை, தெளித்த தடிப்பு, உலர்த்திய வெப்பநிலை ஆகியவற்றுள் ஒன்று மாறினும் மங்கலின் தரம் மாறும். நிறம் பிசகாதிருந்தும் கதவு வேறொரு வண்டியினதுபோலத் தோன்றும். இவ்வேலையிற் பழகிய கராச்சில், முதலில் ஒரு மாதிரித் தகட்டிற் பூசிக்காட்டச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வேலையை ஒப்படைக்க வேண்டும்.

முடிவாகச் சில சொற்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். மினுக்கப் பூச்சு நமது உழைப்பை ஏற்றுக்கொள்வது. தவறு செய்தாலும் மீண்டுந் தேய்த்துத் திருத்தலாம். மங்கற் பூச்சு அத்தகையதன்று. அதற்கு வேண்டியது கைவலிமையன்று, முன்னெச்சரிக்கை. நாம் செய்வனவற்றிலும் செய்யாது விடுவனவே அதனைக் காப்பன. ஆகவே, வண்டி வாங்க எண்ணுவோர் தம் இயல்பையும் வசதியையும் முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று. நிழலில் நிறுத்த இடமின்றி, கழுவுதற்கு நேரமின்றி, நாடோறும் செம்மண் வீதியில் ஓடுவோர்க்கு மினுக்கப் பூச்சே ஏற்றது.

ஏற்கெனவே மங்கற் பூச்சுடைய வண்டியை வைத்திருப்போர், அதனுடன் வந்த கைந்நூலை ஒருமுறை படித்தல் வேண்டும். அதைவிட முக்கியமாக, வண்டியைத் தொடக்கூடிய வீட்டார் யாவர்க்கும் அதன் இயல்பைச் சொல்லி வைத்தல் வேண்டும். என் மகன் அன்று அதனை எனக்குச் சொல்லவில்லை; யானும் அவனைக் கேட்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக வண்டி துடைத்தவனுக்கு இதில் யாது கேட்க உளதென்று எண்ணியிருந்தேன். தாங்கியை மாற்றித் தருவதாகக் கூறியபொழுது அவன் மறுத்துவிட்டான். இப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வண்டியை யானே கழுவுகின்றேன்: நீரை ஊற்றி, ஒற்றியெடுத்து, கையை எடுத்துக்கொள்கின்றேன்.